கப்பலில் சுருட்டு: கரீபியன் கடலுக்குக் கிளம்புகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: அண்ணா, டிசம்பரில் மியாமியிலிருந்து ஏழு நாள் கப்பல் பயணம். பால்கனி அறை எடுத்ததே ராத்திரி உட்கார்ந்து ஒரு சுருட்டு பிடிக்கத்தான். விடுவார்களா?

பதில்: பெரும்பாலான கப்பல்களில் விடமாட்டார்கள் தம்பி. மீறினால் அறைக் கணக்கில் அபராதம் ஏறும். 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பல் ஜமைக்காவுக்குப் போகும் வழியில், விடிவதற்கு முன் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கும் என்றது விசாரணை. பால்கனித் தடுப்புகள் பிளாஸ்டிக் என்பதால் தீ மளமளவென்று பரவியது. ஒருவர் இறந்துபோனார். அதனால் இந்த விதியில் கொஞ்சம்கூட வளையாதீர்கள். துண்டைக் கடலில் வீசுவதும் ஆபத்துதான். காற்று அதைக் கீழ்த்தளத்துப் பால்கனிக்குள் தள்ளிவிடும்.

கேள்வி: அப்போ எங்கேதான் பிடிப்பது?

பதில்: சில கப்பல்களில் சுருட்டுப் பிடிக்கவென்றே சிகார் லவுஞ்ச் என்று ஒரு அறை உண்டு. இல்லையென்றால் திறந்த தளத்தில் ஒதுக்கிய இடம். சிகரெட்டுக்கு அனுமதி இருக்கிற இடத்திலெல்லாம் சுருட்டுக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள், கேட்டுவிட்டு உட்காருங்கள்.

தளத்தில் பெரிய தொல்லை காற்று. கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 37 கிலோமீட்டர். அந்தக் காற்று முழுக்க உங்கள் சுருட்டின் மேல். ஒருமுறை பத்தே நிமிடத்தில் என் சுருட்டு ஒரு பக்கம் குடைந்து எரிந்துவிட்டது, மறுபக்கம் மேலே சுற்றிய இலை எரியாமல் அப்படியே நின்றது. வாயில் வெறும் கசப்பு. நான் கண்ட நல்ல நேரம், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது. எல்லாரும் ஊர் சுற்றப் போயிருப்பார்கள், கப்பலும் அசையாது. ரொபஸ்டோ என்கிற ஐந்து அங்குலச் சுருட்டு ஒன்று போதும், முக்கால் மணி நேரம் நிம்மதியாகப் போகும்.

கேள்வி: கேபினில் எப்படி வைப்பது? லைட்டர்?

பதில்: கேபின் ஏசி சுருட்டை உலர்த்திவிடும். ஜிப் கவரில் சுருட்டோடு, ஈரப்பதத்தை 69 சதவீதத்தில் வைத்திருக்கும் பாக்கெட் ஒன்று போட்டு இறுக்க மூடுங்கள், ஒரு வாரம் தாங்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். பீய்ச்சியடிக்கும் தீ வரும் ஜெட் லைட்டரை அமெரிக்க விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, லவுஞ்சில் இருப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கப்பல் நிற்கும் மெக்சிகோவின் கோசுமெல் தீவில், கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபா என்கிற கியூபச் சுருட்டு மலிவாகக் கிடைக்கிறதாம். வாங்கி வரலாமா?

பதில்: வேண்டாம் சார். கண்ணாடி மூடிப் பெட்டியில் வரும் கோஹிபா போலி. கியூப அரசின் பச்சை உத்தரவாத முத்திரை ஒட்டிய பெட்டியை, லா காசா டெல் ஹபானோ மாதிரி கியூபச் சுருட்டு விற்க அங்கீகாரம் பெற்ற கடையில் பாருங்கள். நல்லதே கிடைத்தாலும் கரையிலேயே பிடித்து முடித்துவிடுங்கள். கியூபச் சுருட்டை அமெரிக்காவுக்குள் கொண்டுவர 2020 செப்டம்பரிலிருந்து மறுபடியும் தடை. ஒரு பெட்டி வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை என்றால், கப்பல் டொமினிகன் குடியரசில் நிற்கும் பயணமாகப் பார்த்து எடுங்கள். லா ரொமானாவிலும் சாண்டியாகோவிலும் கையால் சுருட்டும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்த ஊர்ச் சுருட்டுக்குத் தடை இல்லை, அமெரிக்காவில் குடியிருப்பவர்கள் 100 வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். என் கைக்காசில் நான் வாங்குவது அதைத்தான்.