மிடி கீபோர்டில் பழைய சுருதி முறைகளை வாசிக்கலாமா?

சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழ் இசை பற்றி எழுதிய யாழ் நூல் பேசும் சுருதிகளை, கொம்பியூட்டரோடு இணைக்கும் மிடி கீபோர்டில் வாசிக்கப் புதுக் கருவி வாங்க வேண்டுமா என்று கல்லடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். (விபுலாநந்தரின் ஊரான காரைதீவு பக்கத்தில் இருக்க, இந்தக் கேள்வி இவ்வளவு காலம் ஏன் வரவில்லையோ!)

வேண்டாம். கீபோர்ட் சொல்வது எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதைத்தான். சுருதியை முடிவு செய்வது கொம்பியூட்டரில் உள்ள மென்பொருள். சர்ஜ் எக்ஸ்டி என்ற ஒலி உருவாக்கும் மென்பொருள் இலவசம். அதில் சுர இடைவெளிகளைச் சொல்லும் ஸ்காலா கோப்பைப் போட்டால் போதும். அது வெறும் எழுத்துக் கோப்பு, காந்தாரத்துக்கு 5/4 என்ற விகிதத்தை (சட்ஜத்தின் அதிர்வெண்ணோடு ஒப்பிட்டு) நீங்களே எழுதலாம். பிறகு ச, க இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்: வழக்கமான 400 சென்ட் (சுர இடைவெளியின் அலகு) 386 ஆகும், இரண்டு சுரமும் உரசுவதால் கேட்கும் அதிர்வு அடங்கிவிடும்.

ஆதார சட்ஜத்தை வேறு கட்டைக்கு மாற்றினால் மட்டும், எந்தக் கட்டையில் எந்தச் சுரம் என்று சொல்லும் கட்டை வரைபடக் கோப்பையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பஞ்சமமே பிசகலாம். 22 சுருதியும் வேண்டுமென்றால் ஒரு ஸ்தாயி 22 கட்டைக்கு நீளும், விரலுக்குத்தான் சோதனை.