குடிசை யார் மண்ணில் நின்றது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். இப்போது பெங்களூரில் வேலை. நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி அரசியல் தத்துவம் படிக்கிறோம். பாதிப்பேர் அரசே வேண்டாம் என்ற ரஷ்யச் சிந்தனையாளர் க்ரொபோத்கின் பக்கம், பாதிப்பேர் சுதந்திரச் சந்தையை வலியுறுத்திய பொருளாதார அறிஞர் ஹாயெக் பக்கம். அரசாங்கம் வேண்டாத சுமை என்பதில் மட்டும் இரண்டு தரப்பும் ஒன்று. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நம் காவிரி டெல்டாவிலேயே, ஏரி வாய்க்கால்களை ஊராரே பராமரிக்கும் குடிமராமத்து இருந்ததே! ஊரே கூடி வாய்க்கால் வெட்டியது, எந்த அதிகாரியும் உத்தரவு போடவில்லை. இன்று என் அப்பா அரசாங்க நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு மூட்டை காசு கொடுத்துவிட்டு வருகிறார். இந்த அரசாங்கம் இல்லாமல் போனால் என்ன நஷ்டம்? சுதந்திரச் சந்தையா, அரசின்மையா, நீங்கள் எந்தப் பக்கம்? முதலில் யாரைப் படிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

இந்த வயதில் கூடி உட்கார்ந்து படிக்க நாலு பேர் கிடைத்திருக்கிறார்கள். விட்டுவிடாதீர்கள். ஹாயெக்கை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். அரசே கூடாது என்றவர் இல்லை அவர். யாரும் பட்டினி கிடக்காதபடி ஒரு குறைந்தபட்ச ஏற்பாட்டை அரசு செய்யலாம் என்று எழுதியவர்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தைத்துவிட்டது. கொஞ்ச நாளாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "ஊரே கூடி வாய்க்கால் வெட்டியது." யார் தம்பி அந்த ஊர்?

தஞ்சாவூர் மிராசுதார் மண்வெட்டி பிடித்தார் என்றா நினைக்கிறீர்கள்? ஊர் நிலத்தில் ஒரு பங்குக்கு இத்தனை ஆள் என்று கணக்கு. பங்கு மிராசுதாருடையது, சேற்றில் இறங்கியது அவருடைய பண்ணையாள். வெட்டியவனுக்கு அந்தத் தண்ணீர் பாய ஒரு குழி நிலம் கிடையாது. உத்தரவே இல்லை என்கிறீர்கள். 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடைகிற ஆபத்து என்றால் அக்கம்பக்கத்து உழைப்பாளி வகுப்பாரைப் பிடித்து வேலை வாங்கலாம். வழக்கப்படி குடிமராமத்துக்கு ஆள் தராதவர்மேல் தண்டம் போடலாம். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியதும், ராத்திரி லாந்தரோடு கரையில் காவல் கிடந்ததும் நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு அதை ஊர் என்று சொல்லாதீர்கள். அதுவும் மன்னார்குடிக்காரரான நீங்கள் சொல்லக்கூடாது.

உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தென்பரையில் 1943-ல் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. அதை வளர்த்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கர்நாடகத்துக்காரர், இங்கே வந்து சேரி சேரியாக நடந்தார். அடுத்த வருடமே உங்கள் பக்கத்தில் மிராசுதார்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தார்கள். பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதில்லை, சாணியைக் கரைத்த சாணிப்பாலைப் புகட்டுவதில்லை என்று எழுதி ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதைச் செய்யவைத்தது சங்கம், அரசாங்கம் இல்லை. இதை உங்கள் க்ரொபோத்கின் நண்பர்களுக்கு மனதாரத் தருகிறேன்.

சந்தைக்கார நண்பர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கூலி பிடிக்கவில்லை என்றால் வேலைக்கு வராமலிருக்க அவனுக்குச் சுதந்திரம் உண்டு என்பார்கள். அவன் குடிசை யார் மண்ணில் நின்றது? மிராசுதார் மண்ணில். நெல்லு அரை மரக்கால் கூடக் கேட்டால் சாயங்காலம் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். எங்கே போவான்? நடக்கிற வரப்பு, குடிக்கிற குட்டை, பிணம் தூக்கிப்போகிற வழி எல்லாம் அவர்களுடையது. அங்கே இரண்டு பேர் சம்மதித்துப் போட்ட ஒப்பந்தம் என்று எதைச் சொல்வீர்கள்? நிற்க ஓரடி மண் சொந்தமாக இல்லாதவன் "மாட்டேன்" என்று சொல்ல முடியாது. "மாட்டேன்" என்று சொல்ல முடியாதவனுடைய "சரி"க்கு எந்தச் சந்தையிலும் மதிப்பில்லை.

அந்தச் சொத்தையும் அரசாங்கம்தானே காவல் காத்தது என்பார்கள் அரசின்மைக்காரர்கள். சரிதான். போலீஸ் பண்ணை வாசலில் நின்றதை நானும் பார்த்திருக்கிறேன். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அரசாங்கம் வேண்டாம் என்று சொல்ல இந்த மண்ணில் யாருக்காவது உரிமை இருந்தால் அது அந்த ஜனங்களுக்குத்தான். அவர்கள் என்ன கேட்டார்கள்? மனைப்பட்டா கேட்டார்கள். 1971-ல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தமாயிற்று.

எங்கள் பக்கம் நடவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஆயா, பட்டாவைப் பால்பவுடர் டின்னில் போட்டு, கூரை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஐப்பசி வெள்ளம் உள்ளே புகுந்தால் அரிசிப் பானைக்கு முன்னால் அந்த டின்தான் இறங்கும். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் சர்வே நம்பர் மனப்பாடம். ஒருநாள் பண்ணைக் காரியஸ்தர் வந்து, "நாளைக்குக் களையெடுக்க வராட்டி இங்க எப்படி இருக்கேன்னு பாக்கிறேன்" என்றார். ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டு அந்த நம்பரைச் சொன்னார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. காரியஸ்தர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சங்கம் போராடாமல் அந்தக் காகிதம் வந்திருக்காது. அரசாங்க முத்திரை இல்லாமல் அந்தக் காகிதத்துக்கு அவர் திரும்பிப் போயிருக்கமாட்டார்.

மூட்டைக்குக் காசு கேட்பது அயோக்கியத்தனம். அதற்கு நான் சமாதானம் சொல்லமாட்டேன். ஆனால் நிலையத்தை மூடிவிட்டால் அப்பா யாரிடம் விற்பார்? தை மாதம் மழை பிடித்துக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி, களத்தில் நெல் முளைவிடும்போது வியாபாரி என்ன விலை சொல்வார் என்று அப்பாவைக் கேளுங்கள். நிலையம் ஒரு விலைக்கு எடுக்கிறது என்பதால்தான் வியாபாரியும் அதற்குப் பக்கத்தில் ஒரு விலை சொல்கிறார்.

படிக்கக் கேட்டீர்கள். க்ரொபோத்கின் 1902-ல் எழுதிய பரஸ்பர உதவி பற்றிய புத்தகத்தில் தொடங்குங்கள். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவையும் தேடிப் படியுங்கள். 1920-ல் தாஷ்கண்டில் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு அரசின்மைவாதி ஆனவர்.

பொங்கலுக்கு வரும்போது லீவைச் சேர்த்துப் போடுங்கள். காசு தரமாட்டேன் என்று அப்பா ஒருவர் மட்டும் சொன்னால் அவர் மூட்டை தார்ப்பாய்க்கடியில் கிடக்கும். அன்று நெல் கொண்டுவந்த அத்தனை பேரும் சொன்னால் எடை போட்டுத்தான் ஆகவேண்டும். அறுப்புக்கு முன்பே வீடு வீடாகப் போய்ப் பேசுங்கள். குத்தகைக்காரர்களை விட்டுவிடாதீர்கள், மூட்டை தூக்குகிறவர்களிடமும் பேசுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.