கார் பெயின்ட்: மெஷின் வாங்குமுன் துணியைப் பாருங்கள்

இந்த முறை கார் பெயின்ட் பற்றிய கடிதங்கள் மட்டும். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கறுப்பு கார், எடுத்து எட்டு மாதம். வெயிலில் நின்றால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கீறல். அபார்ட்மென்ட்டில் தினமும் ஆள் வைத்துத் துடைக்கிறோம். ரப்பிங் பாலிஷ் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (வேளச்சேரி)

போடலாம். ஆனால் கீறல் எங்கிருந்து வருகிறதோ அதை முதலில் நிறுத்துங்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பனியன் துணி, பத்து கார் என்றால் முதல் காரின் மண் பத்தாவது கார்வரை போகும். துடைப்பவர் மேல் கோபப்பட வேண்டாம். ஒரு காருக்கு அவருக்குக் கிடைக்கும் தொகையில் வேறு மாதிரி செய்ய முடியாது. கண்ணாடி, சக்கரம், மிதியடி ஆகியவற்றை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு, பெயின்ட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள்.

காரின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்று நிறமில்லாத ஓர் அடுக்கு இருக்கிறது. பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் தடிமன். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுக்கிறது. காம்பவுண்ட் என்ற கரடான பாலிஷ் போட்டு ஒரு முறை மெஷின் ஓட்டினால் சில மைக்ரான் போய்விடும். வெயிலைத் தாங்கும் சரக்கும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. வருடா வருடம் ரப்பிங் போட்டால் கூரையும் பானெட்டும் வெளுத்து உரிய ஆரம்பிக்கும். அதன் பிறகு பாலிஷால் ஆவது ஒன்றுமில்லை, பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

இரண்டு வாளி வாங்குங்கள். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் குழாயாலோ பிரஷர் வாஷராலோ மண்ணை இறக்கிவிட வேண்டும். பிறகு மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒரு பேனல் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்புவில் முக்க வேண்டும். கதவின் கீழ்ப்பகுதி கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி. இப்படி இரண்டு மாதம் கழுவிப் பழகிய பிறகு ஒரே ஒரு முறை பாலிஷ் போடுங்கள்.

கேள்வி: தண்ணீர்த் தட்டுப்பாடு. அடுக்ககத்தில் குழாய் போட்டுக் கழுவத் தடை. உலர்ந்த துணியால் தட்டிவிடுவது போதாதா? (பல்லாவரம்)

உலர்ந்த துணி வேண்டவே வேண்டாம். ரின்ஸ்லெஸ் வாஷ் (தண்ணீர் விட்டு அலசத் தேவையில்லாத கழுவு திரவம்) என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலானவற்றுக்கு 4 லிட்டர் தண்ணீருக்கு 15 மி.லி. அளவுதான் வரும், லேபிளைப் பாருங்கள். எட்டு மைக்ரோஃபைபர் துணிகளை அதில் ஊறப் போட்டு, ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, ஒரு பேனலுக்கு ஒரு பக்கம் என்று துடையுங்கள். அழுக்கான பக்கம் மறுபடி பெயின்ட்டில் படக் கூடாது, அழுக்கான துணி வாளிக்குத் திரும்பக் கூடாது. கார் முழுக்கச் சேறு என்றால் இந்த முறை ஆகாது, அன்று வாட்டர் வாஷுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரில் கார் கழுவுகிறேன். வெள்ளைப் புள்ளிகள் போகவே மாட்டேன் என்கின்றன. எந்த பாலிஷ் வாங்கலாம்? (சோழிங்கநல்லூர்)

பாலிஷ் வாங்காதீர்கள், தண்ணீரை மாற்றுங்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்து வருவதுதான் கழிவுத் தண்ணீர். உங்கள் போர் தண்ணீரை விட அதில் உப்பு அதிகம். வெயிலில் தண்ணீர் ஆவியாகி, சுண்ணாம்பு பெயின்ட் மேல் தங்கிவிடுகிறது.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில், பேனல் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, நனைத்த துணியைப் புள்ளிகள் மேல் இரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். தேய்க்காமல் எடுத்து, ஷாம்பு போட்டு அலசுங்கள். அதன் பிறகும் வட்டம் தெரிந்தால் கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று அர்த்தம், அப்போதுதான் பாலிஷ். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. ஒரு வாளி பிடித்துத் துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழிவுத் தண்ணீரை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வீட்டில் இருந்த ஆங்கிள் கிரைண்டரில் ஃபோம் பேட் மாட்டி பம்பரை பாலிஷ் செய்தேன். விளிம்பில் பெயின்ட் போய் பிளாஸ்டிக் தெரிகிறது. எந்த டச்சப் வாங்கலாம்? (ஓசூர்)

எந்த டச்சப்பும் பயன்படாது. பம்பரைத் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டும். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று ஓடும், இரும்பு அறுக்கும் வேகம் அது. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பாலிஷரே பெரும்பாலும் 600 முதல் 3,000 சுற்றுக்குள்தான். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூட்டைக் கடத்தாது, விளிம்பில் பெயின்ட் மெலிந்தும் இருக்கும். மெஷினின் லேபிளில் சுற்று எண் போட்டிருக்கிறதே, அதைப் படித்துவிட்டு ஆரம்பித்திருக்கலாம்.

கேள்வி: கீறலுக்கு டூத்பேஸ்ட்? (மூன்று பேர்)

பல்லுக்கு மட்டும்.

கேள்வி: டிஏ பாலிஷர் வாங்கிவிட்டேன். முதல் முறை. எப்படித் தொடங்குவது, என்னவெல்லாம் கெட்டுப்போகும்? (ஈரோடு)

சரியான மெஷினைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். டிஏ சுழன்றுகொண்டே ஆடுவதால் ஒரே இடத்தில் சூடு சேர்வது குறைவு. முதல் முறை செய்பவர் கையில் ரோட்டரியை விட இது பாதுகாப்பு.

காரைக் கழுவி, ஈரத்தோடு கையில் பிளாஸ்டிக் பை மாட்டி பானெட்டைத் தடவுங்கள். சொரசொரப்பு தட்டினால் க்ளே பார் தேவை, பெயின்ட்டில் ஒட்டிய துகளைப் பிடித்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி அது. ஷாம்பு தண்ணீர் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். அழுக்கு பிடித்தால் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். க்ளே தரையில் விழுந்தால் குப்பைக்குத்தான், மண் ஒட்டிய க்ளே உப்புத்தாள் வேலையைச் செய்யும். பிறகு காரை உலர்த்தி, ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், பேனல் விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

நிழல் கட்டாயம். நம் ஊரில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது. சூடான பேனலில் பாலிஷ் காய்ந்து திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தில் சோதனை. மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ் (மிக மென்மையான பாலிஷ்). அதிலேயே முக்கால்வாசிக் கீறல் போனால் கார் முழுக்க அதுவே போதும். போகாவிட்டால் மட்டும் கொஞ்சம் கடினமான பேட்டுக்கு மாறுங்கள், அப்போதும் போகாவிட்டால் காம்பவுண்ட். நிறையப் பேர் காம்பவுண்டில் தொடங்கிவிடுகிறார்கள். தேவையில்லாமல் கிளியர் கோட் போவது அங்கேதான்.

பேட்டில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. பேட்டைப் பெயின்ட் மேல் வைத்த பிறகே சுவிட்ச் போடுங்கள், இல்லாவிட்டால் பாலிஷ் சுவர்வரை தெறிக்கும். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு மெஷினின் வேக எண்ணை 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய தடத்தில் பாதியை மூட வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நாலு முதல் ஆறு முறை. பேட் மாட்டும் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். கோடு நின்ற இடத்திலேயே அதிர்ந்தால் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது பேட்டைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள், வேலை எதுவும் நடக்காது.

ஒவ்வோர் இடம் முடிந்ததும் பேட்டை பிரஷால் சுத்தம் செய்யுங்கள். பேட் தொட்டால் சுட்டாலோ ஈரமாகிக் கனத்தாலோ வேறு பேட் மாட்ட வேண்டும். கார் முழுக்க ஒரே பேட்டில் முடிக்க முடியாது, நாலைந்து வேண்டும்.

கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து துடைத்துவிட்டு, இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்துக் காட்டும், அதைத் துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மை. கீறல் மேல் நகத்தை ஓட்டி, நகம் மாட்டினால் அதை விட்டுவிடுங்கள். அவ்வளவு ஆழத்துக்கு எடுக்கப் போனால் அடுக்கே போய்விடும்.

அன்றே சீலன்ட் (பெயின்ட்டைக் காக்கும் மெல்லிய பூச்சு) பூச வேண்டும். கார்னௌபா மெழுகு அழகாக இருக்கும், ஆனால் நம் மே மாத வெயிலில் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. செயற்கை சீலன்ட் சில மாதம் நிற்கும்.

கேள்வி: புது கார் டெலிவரி. பில்லில் "டெஃப்லான் கோட்டிங்" என்று 8,500 ரூபாய். நாங்கள் கேட்கவில்லை. போடாவிட்டால் பெயின்ட் வாரன்டி போய்விடும் என்கிறார்கள். (திருச்சி)

இந்த விஷயத்தில் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது.

தோசைக்கல்லில் பூசுகிற பிடிஎஃப்இ என்ற பொருளின் வணிகப் பெயர்தான் டெஃப்லான். அது உருகுவதே 327 டிகிரி செல்சியஸில். பாத்திரத்தில் பிடிப்பதற்கு அதைவிட அதிகச் சூட்டில் சுடுகிறார்கள். காரின் கிளியர் கோட் தொழிற்சாலையில் சுடப்படுவது 140 டிகிரி அளவில். அந்தக் காரை ஷோரூமின் பின்பக்கம் நிறுத்தி, ஸ்பாஞ்சால் பூசி, துணியால் துடைத்தால் பிடிஎஃப்இ பெயின்ட்டோடு எப்படிப் பிணையும்? பிணையாது. அந்தப் பெயரில் பூசுவது பெரும்பாலும் சாதாரண சீலன்ட்தான். ஒரு காருக்கு 30 முதல் 50 மி.லி. போதும், ஒரு மணி நேர வேலை, சில மாதங்களில் போய்விடும். நல்ல சீலன்டை ஒரு பாட்டில் வாங்கினால் இரண்டு வருடத்துக்கு நீங்களே பூசிக்கொள்ளலாம்.

வாழ்நாள் சேமிப்பைப் போட்டு முதல் கார் எடுக்கும் குடும்பம், மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் யாரும் தகராறு செய்ய மாட்டார்கள் என்று தெரிந்தேதான் இந்த வரியை பில்லில் சேர்க்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

"வாரன்டி போய்விடும்" என்பதை நம்பாதீர்கள். வாரன்டி புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள், அதையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவோம் என்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடைப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. பணம் கட்டவில்லை என்றால் அந்த வரியை நீக்கி பில் கேளுங்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அடுத்து கார் எடுப்பவர்கள், புக்கிங் படிவத்திலேயே "கூடுதல் கோட்டிங் எதுவும் வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 9எச் செராமிக் போட்டால் கல் பட்டாலும் கீறாதாமே? (மதுரை)

கீறும். அந்த 9எச் பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் எண். பென்சிலால் கீற முடியவில்லை, அவ்வளவுதான். செராமிக் பூச்சில் அழுக்கு சீக்கிரம் ஒட்டாது, கழுவுவது சுலபம், பறவை எச்சத்துக்குக் கொஞ்சம் நேரம் தாங்கும். அதற்காகப் போடலாம். வீட்டில் போடுபவர்கள் இரண்டடிச் சதுரமாகப் பூசி, லேபிளில் சொன்ன நேரத்தில் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்ட இடம் இறுகித் திட்டாகிவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: மைக்ரோஃபைபர் துணியில் ஜிஎஸ்எம் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். எதை நம்புவது? (நாகர்கோவில்)

தராசை நம்புங்கள். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 40-க்கு 40 செ.மீ. துணி 400 ஜிஎஸ்எம் என்றால் 64 கிராம் இருக்க வேண்டும். 40-க்கு 60 அளவில் 1,200 ஜிஎஸ்எம் என்றால் 288 கிராம். அப்படி அச்சிட்டு எனக்கு விற்ற துவட்டும் துணி ஒன்று, சமையலறைத் தராசில் 150 கிராம்தான் காட்டியது. திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாலிஷ் துடைக்க 300 முதல் 400, ஈரம் துவட்ட 800-க்கு மேல். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரியானவை கூடாது, நார் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: டிபியூ என்ற நல்ல ரகப் பிளாஸ்டிக் என்று சொல்லி 70,000 ரூபாய்க்கு பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க ஒட்டும் கண்ணாடி போன்ற ஃபிலிம்) ஒட்டினார்கள். பதினோரு மாதத்தில் மஞ்சள், ஓரங்கள் சுருங்கி மேலே வருகின்றன. "உங்கள் பராமரிப்பு சரியில்லை" என்கிறார்கள். (கோவை)

உங்கள் பராமரிப்பைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. பதினோரு மாதத்தில் மஞ்சளாகிச் சுருங்குவது பிவிசி என்ற மலிவான பிளாஸ்டிக் ஃபிலிமின் குணம். நல்ல டிபியூ ஃபிலிமில் மெல்லிய கீறல் போட்டு வெந்நீர் ஊற்றினால் கீறல் மறையும், பிவிசியில் மறையாது. இந்தச் சோதனையைக் கடைக்காரர் முன்னால் செய்து வீடியோ எடுங்கள். ஃபிலிமை நீங்களாகப் பிய்க்காதீர்கள், கிளியர் கோட்டும் கையோடு வரலாம், சாட்சியும் போய்விடும்.

பில், வாரன்டி கார்டு, வாட்ஸ்அப்பில் "டிபியூ" என்று அவர்கள் எழுதியது, தேதியோடு புகைப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பணத்தைத் திரும்பக் கேளுங்கள், ஃபிலிமைப் பெயின்ட் கெடாமல் அகற்றும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி ஒட்டப் போகிறவர்கள், பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, ரோலின் வரிசை எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள். வெட்டிய மிச்சத்தில் ஒரு துண்டையும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு வெள்ளைக் காரில் வைத்த மஞ்சள், குங்குமம் கறையாகிவிட்டது. (தஞ்சாவூர்)

உலர்ந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் விரலால் சுரண்டக் கூடாது, அதிலுள்ள துகள் கீறும். ஈரத் துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து, ஷாம்பு தண்ணீரில் வழித்தெடுங்கள். மிச்ச மஞ்சள் கறைக்கு எதுவும் வாங்க வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் தானே வெளுக்கும், சில நாள் வெளியில் நிறுத்துங்கள். குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் கறை நிற்கும், அதற்கு அந்த இடத்தில் மட்டும் கையால் ஃபினிஷிங் பாலிஷ். அடுத்த வருடம் பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள்.

கேள்வி: கார் கவர் வாங்கலாமா? தெருவில்தான் நிறுத்துகிறேன். (அம்பத்தூர்)

தினமும் எடுக்கும் கார் என்றால் வேண்டாம். தூசி மேல் கவரை இழுத்தால் அதுவே உப்புத்தாள் தேய்ப்பு.