விதை விளைந்த ஊரும் குதிரைமசாலின் குணமும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐந்து கறவை மாடுகளுக்காக அரை ஏக்கரில் குதிரைமசால் வைத்திருக்கிறேன். ஒரே ரகத்தின் பெயர் அச்சிட்ட இரண்டு பைகளை வெவ்வேறு கடைகளில் வாங்கி அடுத்தடுத்த பாத்திகளில் விதைத்தேன். மார்கழிக் குளிரில் ஒரு பாத்தி மந்தமாக நிற்கிறது. மற்றொன்று விறுவிறுவென்று வளர்கிறது. ஒரு பையின் விதை வேறு மாநிலத்தில் விளைந்தது என்கிறார்கள். விளைந்த ஊரைப் பொறுத்து ரகத்தின் குணம் மாறுமா?
– கால்நடை வளர்ப்பவர், பெருந்துறை

பதில்: மாறும். தங்கள் பாத்திகளைப் பொறுத்தவரை, மண், பாசனம், விதையின் வயது, கலப்படம் ஆகிய நான்கையும் முதலில் சரிபார்த்த பிறகே விளைந்த ஊரின் மேல் பழி போட வேண்டும். ஆயினும் தாங்கள் கேட்டிருப்பது தீவனப் பயிர் வல்லுநர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த கேள்விதான். அதற்குத் தெளிவான விடை அமெரிக்காவில், இதே குதிரைமசாலில் கிடைத்தது.

அங்கே விஸ்கான்சின், மினசோட்டா போன்ற வட மாநிலங்களில் பனிக்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகை வரைகூட இறங்கும். அந்தக் குளிரைத் தாங்கும் மசால் ரகங்கள், இலையுதிர் காலத்தில் பகற்பொழுது குறையத் தொடங்கியதுமே வளர்ச்சியை நிறுத்தி, தரையோடு தரையாகப் படிந்து, வேரில் உணவைச் சேர்த்துக்கொண்டு உறங்கிவிடும். ஆனால் அதே வட மாநிலங்களில் கோடையில் மழையும் ஈரப்பதமும் மிகுதி என்பதால் விதை சரியாகப் பிடிக்காது. கலிபோர்னியா போன்ற மேற்குப் பகுதிகளிலோ கோடை முழுவதும் வெயில் காயும், வேண்டிய அளவு மட்டும் தண்ணீர் பாய்ச்சலாம், தேனீக்கள் தடையின்றிப் பறக்கும். விதை மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆகவே வடக்கத்தி ரகத்தின் விதையை மேற்கிலும் தெற்கிலும் பெருக்கி, வடக்கத்தி உழவருக்கே விற்பது வழக்கமாயிற்று. 1940-களில் வந்த ‘ரேஞ்சர்’, 1953-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘வெர்னல்’ ஆகியவற்றின் விதையும் இவ்வாறே பெருக்கப்பட்டது.

குளிரே இல்லாத ஊரில் விளைந்த விதைக்குக் குளிர் தாங்கும் குணம் எஞ்சியிருக்குமா என்ற ஐயம் எழுந்தது. ஒரே மூல விதையை வெவ்வேறு அட்சரேகைகளில் பெருக்கி, கிடைத்த விதைகளை எல்லாம் விஸ்கான்சினுக்குக் கொண்டுவந்து அருகருகே விதைத்துப் பார்த்தார்கள். தெற்கே பெருக்கப்பட்ட விதையின் செடிகள் இலையுதிர் காலத்தில் உயரமாக வளர்ந்து நின்றன. அவற்றின் குளிர் தாங்கும் திறனும் குறைந்திருந்தது. தெற்கில் கழிந்த தலைமுறைகள் கூடக்கூட இந்த விலகலும் கூடியது.

இதன் சூட்சுமம் குதிரைமசாலின் பிறவிக் குணத்தில் இருக்கிறது. நெல் ரகம் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் செடிகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. மசாலோ அயல் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. ரகம் என்று நாம் பெயரிட்டு அழைப்பது உண்மையில் பல குணங்கள் கலந்த ஒரு கூட்டத்தை. அந்தக் கூட்டத்தில் நன்றாக உறங்கும் செடிகளும் உண்டு, அரைகுறையாக உறங்குபவையும் உண்டு. தெற்கத்தி வயலில், உறங்கும் இயல்புள்ள செடி பூங்கொத்துகளைக் குறைவாக விடுகிறது. உறங்காதது நிறைய விடுகிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் அறுவடை செய்யும்போது இரண்டாவது வகையின் சந்ததிக்கே பெரும்பங்கு போய்விடுகிறது.

கணக்காகப் பார்த்தால் எளிதில் விளங்கும். தொடக்கத்தில் இரு வகையும் பாதிக்குப் பாதி என்றும், உறங்காத வகை இரு மடங்கு விதை தருகிறது என்றும், இரண்டும் தமக்குள் கலக்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறை விதையில் உறங்கும் வகையின் பங்கு நூற்றுக்கு 33 ஆகும்; இரண்டாவதில் 20; மூன்றாவதில் 11. யாரும் கலப்படம் செய்யவில்லை, பையின் மேல் பெயரும் மாறவில்லை, ஆனால் பைக்குள் இருப்பது பெரும்பாலும் வேறொரு கூட்டம். உண்மையான வயலில் இரு வகையும் கலந்து காய்ப்பதால் மாற்றம் இவ்வளவு கூர்மையாக இராது. திசை மட்டும் இதுவே. முந்தைய அறுவடையில் உதிர்ந்த விதை அதே வயலில் தானாக முளைத்துச் சேர்வதும், பக்கத்து வயலின் உள்ளூர் ரகத்திலிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவருவதும் அந்த விலகலை இன்னும் விரைவாக்கும்.

இதற்குக் கண்ட தீர்வு, தெற்கில் விதை பெருக்குவதைத் தடை செய்வதன்று. தலைமுறைகளை எண்ணிக் கட்டுப்படுத்துவது. மூல விதையை ரகம் உருவான தட்பவெப்பத்திலேயே பேணுவார்கள். அதிலிருந்து வரும் ஆதார விதையை மட்டுமே வெளியே அனுப்பி, அங்கே ஒரு தலைமுறை பெருக்கி, கிடைப்பதை நேரே தீவனம் வளர்ப்பவருக்கு விற்றுவிடுவார்கள். அதை மீண்டும் விதை வயலுக்குப் பயன்படுத்துவதில்லை. நம் நாட்டிலும் ரகத்தை உருவாக்கியவர் தரும் வல்லுநர் விதைக்கு மஞ்சள், அதிலிருந்து பெருக்கும் ஆதார விதைக்கு வெள்ளை, அதிலிருந்து பெருக்கி உழவருக்கு விற்கும் சான்று விதைக்கு நீலம் என்று அட்டை கட்டுவது ஏறத்தாழ இதே எண்ணிக்கையைக் காப்பதற்குத்தான். அட்டையே இல்லாத பையில் எழுதியிருக்கும் ரகப் பெயரை நான் ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. தாங்கள் வாங்கிய இரண்டு பைகளிலும் அட்டை இருந்ததா என்று பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் வெளியூர் விதையை விட்டு, ஆண்டுதோறும் சொந்த வயலிலேயே விதை எடுத்து விதைத்தால் நம் ஊருக்கு ஏற்ற குதிரைமசால் உருவாகிவிடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உடுமலைப்பேட்டை

பதில்: உருவாகும் என்பதற்குச் சான்றாக ஒரு புகழ்பெற்ற கதையே இருக்கிறது. ஜெர்மனியின் பாடன் பகுதியிலிருந்து 1857-இல் மினசோட்டாவின் கார்வர் கவுண்டியில் குடியேறிய வெண்டலின் கிரிம் என்ற உழவர், ஊரிலிருந்து சில கிலோ மசால் விதையையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். அவருடைய ஊர் வழக்கில் அதற்கு ‘நித்தியக் குளோவர்’ என்று பொருள்படும் பெயர் (குளோவர் என்பது மசாலைப் போன்ற ஒரு தீவனச் செடி). அடுத்த ஆண்டு விதைத்தார். குளிர்காலம் பெரும்பாலான செடிகளைக் கொன்றது. அவர் சலிப்படையாமல், பிழைத்து நின்றவற்றிலிருந்து விதை எடுத்து விதைத்தார். அடுத்த குளிருக்கும் அவ்வாறே செய்தார். பல ஆண்டுகளில் குளிருக்கு அசையாத பயிர் அவர் வயலில் நிலைபெற்றது. 1900-ஆம் ஆண்டை ஒட்டித்தான் மாநில வேளாண் ஆராய்ச்சி நிலையம் அதைக் கவனித்தது. கிரிம் 1890-லேயே காலமாகிவிட்டார். கலிபோர்னியாவில் ரகத்தைக் கெடுத்த அதே விதிதான் கிரிமின் வயலில் ரகத்தை உண்டாக்கியது என்பதே இதில் எனக்குப் பிடித்த செய்தி.

ஆனால் அவரைப் பின்பற்றுவதற்கு முன் சிலவற்றைக் கருத வேண்டும். கிரிமின் விதையில் ஊதாப்பூ மசாலோடு, குளிர்நாட்டு மஞ்சள்பூ மசாலின் கலப்பும் இருந்தது. தேர்ந்தெடுக்க உள்ளே ஏதோ இருந்ததால்தான் தேர்வு பலித்தது. மேலும் நாம் 25 முதல் 30 நாளுக்கு ஒருமுறை பூக்கும் தறுவாயிலேயே அறுத்து மாட்டுக்குப் போடுகிறோம். விதை வேண்டுமானால் ஒரு பகுதியை அறுக்காமல் விட வேண்டும். விட்டாலும் பூவெல்லாம் காயாகாது. மசால் பூவின் கீழ் இதழ்களுக்குள் மகரந்தத் தண்டு வில்லைப் போல் இழுத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. தேனீ வந்து அழுத்தும்போது பூட்டு விடுபட்டு, தண்டு சுரீரென்று மேலெழுந்து அதன் முகத்தில் அடிக்கும். அந்த அடியில்தான் மகரந்தச் சேர்க்கை நிகழ்கிறது. இரண்டொரு முறை அடி வாங்கிய சாதாரணத் தேனீ பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனை மட்டும் எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். பூட்டு விடுபடாத பூ பெரும்பாலும் காய்க்காமல் உதிரும். அடியைப் பொருட்படுத்தாத இலைவெட்டித் தேனீக்களை அமெரிக்க விதை உழவர்கள் இதற்காகவே வளர்க்கிறார்கள்.

தப்பித் தவறி நாலைந்து செடிகள் மட்டும் காய்த்து, அவற்றின் விதையையே தாங்கள் தொடர்ந்து விதைத்தால், நெருங்கிய உறவுக்குள் கலப்பதால் வீரியம் குன்றும். குதிரைமசாலில் இந்தக் குறை மிக விரைவாகத் தெரியும். எடுப்பதானால் ஐம்பது, நூறு நல்ல செடிகளிலிருந்து சேர்த்து எடுங்கள்.

கேள்வி: தட்பவெப்பம் செடியின் மரபணுவையே மாற்றிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாமா? விதையின் வேறுபாடு மரபு சார்ந்ததா, வளர்ந்த சூழலின் தடயமா என்று எப்படிப் பிரித்தறிவது?
– வேளாண் மாணவி, மதுரை

பதில்: மேலே சொன்னதில் எந்தத் தனிச்செடியின் மரபணுவும் மாறவில்லை, மாறியது கூட்டத்தில் அந்தந்த மரபணுவுக்கு இருந்த பங்கு. தட்பவெப்பம் எழுத்தை அழித்து எழுதுவதில்லை, எந்த ஏட்டுக்கு எத்தனை படி என்பதைத் தீர்மானிக்கிறது. பிரித்தறிவதற்கு இரு ஊர் விதைகளையும் ஒரே வயலில், ஒரே நாளில் விதைக்க வேண்டும். முளைத்த சில வாரங்களில் தெரியும் வேறுபாடு, விதை பெரிதாகவும் நன்கு முற்றியும் இருந்ததால்கூட வரலாம்; அது வளர வளர மறையும். இரண்டாம் ஆண்டிலும், அந்தச் செடிகளை அதே வயலில் காய்க்கவிட்டு எடுத்த அடுத்த தலைமுறையிலும் நீடிக்கும் வேறுபாட்டையே பொதுவாக மரபு வழியானதாகக் கொள்வார்கள். அளவிடுவதற்கு இலையுதிர் காலத்துக் கடைசி அறுப்புக்குப் பிறகு ஏறத்தாழ நான்கு வாரத்தில் தழைத்த உயரத்தை எடுத்து, 1 முதல் 11 வரை உறக்க எண் கொடுக்கிறார்கள்; எண் சிறிதானால் உறக்கம் மிகுதி. ‘வெர்னல்’ 2-க்கு உரைகல். கலிபோர்னியாவின் ‘கஃப் 101’ 9-க்கு.

கேள்வி: கம்பு நேப்பியருக்கும் இந்தக் கவலை உண்டா?
– வாசகர், நாமக்கல்

பதில்: இல்லை. அது விதை பிடிக்காத ஒட்டுப்புல். கரணை வைத்தே பெருக்குகிறோம். ஒவ்வொரு கரணையும் தாய்த்தூரின் நேர்ப்படி என்பதால் எந்த ஊரிலிருந்து வந்தாலும் குணம் அதுவே. கரணையோடு ஒட்டிக்கொண்டு வரும் பூச்சி, நோயைத்தான் பார்த்து வாங்க வேண்டும். தட்டைப்பயறும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ப்பதால் பெரிதாக விலகாது. ‘ஆப்பிரிக்க நெட்டை’ மக்காச்சோளம் மட்டும் குதிரைமசாலின் கட்சி. அதில் பக்கத்து வயல் மகரந்தம் காற்றிலேயே வந்துவிடும்.