‘இவன்தானே?’ என்று கேட்கிறார்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பெயரும் ஏரியாவும் வேண்டாம். போன மாதம் ஒருநாள் விடிந்தும் விடியாத நேரம், ஆவின் பூத்தில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பைக்கில் இரண்டு பேர் வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவன் ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டி மண்டபத்துக்கு வழி கேட்டான். நான் குனிந்து பார்ப்பதற்குள் கழுத்தில் கை வைத்துவிட்டான். நானும் விடாமல் பிடித்தேன். இழுத்த இழுப்பில் கீழே விழுந்துவிட்டேன். பைக் போன பிறகு பார்த்தால் தாலியும் பத்து கிராம் தேறும் ஒரு துண்டும் என் கையில் இருந்தன. ஐந்து பவுன் சங்கிலி, மீதியெல்லாம் போய்விட்டது. பக்கத்து கிளினிக்கில் கழுத்துக் காயத்துக்கு மருந்து போட்டு ஊசி போட்டார்கள்.

ஸ்டேஷனில் ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ‘பறித்தார்கள்’ என்று எழுதாமல் ‘தவறிவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தால் எல்லாருக்கும் சுலபம் என்றார். முடியாது என்றோம். சரி, அப்படியென்றால் இரண்டு பவுன் என்று போடுங்கள், கூடப் போட்டால் மேலே கேள்வி வரும் என்றார். வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார், நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரு கட்டு ஏ4 தாள் வாங்கிவரச் சொன்னார்கள், வாங்கிக் கொடுத்தோம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது.

போன வாரம் கூப்பிட்டார்கள். ஒரு பையன் தரையில் உட்கார்ந்திருந்தான், இருபது வயது இருக்கும். வலது கையில் மாவுக்கட்டு. “நல்லா பாருங்கம்மா, இவன்தானே?” என்றார் எஸ்.ஐ. எனக்குத் தெரியவில்லை அக்கா. அவனைப் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் ‘ஆமான்னு சொல்லிட்டு நகையை வாங்கிட்டு வா’ என்கிறார்கள். மாமியார், போலீஸை நம்பிப் பிரயோஜனமில்லை, மடப்புரத்தில் காசு வெட்டிப் போடலாம் என்கிறார். தாலியில் கை வைத்தது அபசகுனம் என்றும் தினம் ஒரு தடவை சொல்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை, பின்னால் பைக் சத்தம் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. இந்தப் போலீஸை எப்படி நம்புவது? நம்பாமல் வேறெங்கே போவது?

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பையன் விஷயம். அதுதான் அவசரம்.

உங்களுக்குத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று இழுத்துக்கொண்டே போனால் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் அழுத்த அழுத்த, அந்த அரைகுறை வெளிச்சத்தில் பார்த்த முகம் மங்கி, ஸ்டேஷன் தரையில் பார்த்த முகம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு நீங்களே மனதார நம்பி ‘இவன்தான்’ என்பீர்கள். இது நடக்கக் கூடாது என்றுதான் அடையாள அணிவகுப்பு என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் முன்னால், ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள பலரை வரிசையாக நிறுத்தி, அவர்களில் யார் என்று சாட்சியைக் கேட்பது. ஸ்டேஷனில் ஒற்றை ஆளைக் காட்டி ‘இவன்தானே’ என்று கேட்டுவிட்டால் அப்புறம் நடத்துகிற அணிவகுப்புக்கு மதிப்பே இல்லை. முன்கூட்டியே காட்டினார்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற ஒரு கேள்வியில், அவன் நிஜமாகவே திருடனாக இருந்தாலும் தப்பித்துப் போவான். திருடனாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நீங்கள் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மாமியார் மடப்புரம் என்று சொன்னதைப் படித்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. பறிகொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் நியாயம் கேட்டுக் காசு வெட்டிப் போடுகிற பத்திரகாளி கோவில் அது, நம்ம பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. அந்தக் கோவிலில் காவலாளியாக இருந்தவர்தான் அஜித்குமார். வயது 27. 2025 ஜூனில், காரில் வைத்திருந்த நகையைக் காணவில்லை என்று கோவிலுக்கு வந்தவர்கள் கொடுத்த ஒரு புகாரில் போலீஸ் தனிப்படை அவரை விசாரணைக்கு அழைத்துப் போனது, அவர் உயிரோடு திரும்பவில்லை. உடம்பில் நாற்பதுக்கு மேல் காயம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை விசாரித்தபோது கேட்ட கேள்விகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. எல்லாம் ஒரு நகைப் புகாரில் ஆரம்பித்ததுதான்.

அதனால் மாவுக்கட்டைப் பார்த்து உங்கள் மனம் சங்கடப்பட்டது சரியான சங்கடம். அதை யார் பலவீனம் என்று சொன்னாலும் கேட்காதீர்கள். ‘கைதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்று மாவுக்கட்டுப் படத்தோடு செய்தி வந்தால் அதன் கீழே கைதட்டிச் சிரிக்கிற கூட்டம் இன்று பெரிதாகிவிட்டது. சங்கிலியைப் பறிகொடுத்தவர்களின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கையை யார் உடைத்தார்கள், எதற்கு உடைத்தார்கள், அவன் ஒப்புக்கொண்டதாகச் சொல்வது எந்த வலியில் சொன்னது என்று எதுவும் தெரியாமல் உங்கள் ‘ஆமாம்’ அதன்மேல் முத்திரையாக விழக் கூடாது. ‘வந்தவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, இவர்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

அடுத்தது அந்த இரண்டு பவுன். ஐந்து பவுன் நாற்பது கிராம், கையில் நின்றது பத்து, போனது முப்பது. அதாவது மூன்றே முக்கால் பவுன். இரண்டு என்று எழுதச் சொன்னது ஏன்? மேலதிகாரி நடத்துகிற கிரைம் மீட்டிங்கில் எத்தனை பவுன் போனது, எவ்வளவு ரிகவரி என்று கேட்பார்கள், போனது குறைவாக இருந்தால் பதில் சொல்வது சுலபம். அந்த அளவோடு நின்றால் அது சோம்பேறித்தனம். மூன்றே முக்கால் பவுனும் பிடிபட்டு, காகிதத்தில் இரண்டு மட்டும் இருந்தால், மிச்சத்துக்குக் கணக்குக் கேட்க ஆளில்லை. அங்கே அப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அப்படி நடக்க ஒரு வழியை உங்கள் கையெழுத்து திறந்து வைத்திருக்கிறது. நாளைக்கு நகை மீட்கப்பட்டால் கோர்ட்டில் மனுப்போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும், காகிதத்தில் இல்லாத எடையை யாரும் தரப்போவதில்லை.

பில் இல்லையே என்பீர்கள். கல்யாணத்தின்போது தெற்காவணி மூல வீதியில் வாங்கின சங்கிலிக்கு யார் வீட்டில் பில் இருக்கிறது! ஆனால் அந்தச் சங்கிலியை என்றாவது ஒருநாள் பேங்கிலோ கூட்டுறவு சங்கத்திலோ அடகு வைத்திருப்பீர்கள். வைக்காத வீடு நம்ம ஊரில் அபூர்வம். அந்த நகைக்கடன் சீட்டைத் தேடுங்கள். மொத்த எடை, நிகர எடை என்று கிராம் கணக்கில் மதிப்பீட்டாளர் எழுதியிருப்பார், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கல்யாண ஆல்பத்தில் சங்கிலி தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றையும் எடுத்து வையுங்கள். கையில் மிஞ்சிய துண்டை நகைக்கடையில் கொடுத்துப் பற்றவைத்துவிடாதீர்கள், உருக்கியும் விடாதீர்கள். அறுந்த வளையம் எந்த இடத்தில் விரிந்திருக்கிறது, பின்னல் எப்படிப் போகிறது என்பது தெரிய நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபாதி எங்காவது அகப்பட்டால் இதோடு சேர்த்துப் பார்த்துத்தான் உங்களுடையது என்று நிரூபிக்க முடியும். போலீஸ் அதைக் கேட்டால் எடை போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். வேறு. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 173ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. சிலவகைக் குற்றங்களுக்கு முதற்கட்ட விசாரணை செய்துவிட்டுப் பதியலாம் என்று ஒரு இடம் விட்டிருக்கிறார்கள், ஆனால் அதற்கு டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதி வேண்டும், 14 நாளுக்குள் முடிக்கவும் வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்னொன்று, பறிப்பு என்று தனிக் குற்றமே அதே சமயம் வந்த புதுத் தண்டனைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.) 304ஆவது பிரிவாக வந்திருக்கிறது, மூன்று வருடம் வரை தண்டனை. பறித்தபோது காயமும் ஆகியிருந்தால் அது கொள்ளை, 309ஆவது பிரிவு, தண்டனை இன்னும் அதிகம். அதனால் அந்த கிளினிக் சீட்டு முக்கியமானது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், இப்படி நடந்தால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் என்ட்ரி போட்டுவிடுங்கள், காயம் ஆறிவிடும், காகிதம் நிற்கும்.

எப்படி நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். சாத்தான்குளத்தில் 2020இல் அப்பாவும் மகனும் போலீஸ் அடித்துச் செத்தார்களே, அந்த ராத்திரி ஸ்டேஷனில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. கூட வேலை பார்ப்பவர்கள் வெளியே நிற்க, இரண்டு பிள்ளைகளின் தாய், பயந்துகொண்டேதான் சொன்னார். எனக்குக் காக்கிச் சட்டை மேல் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது என்றால் அந்த ஒரு பெண்ணால். ஆனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு ரேவதி இருப்பார் என்று எண்ணிக்கொண்டு நீங்கள் போக முடியாது. போலீஸ் மேல் வருகிற புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013இல் சட்டம் கொண்டுவந்து மாநில அளவில் உள்துறைச் செயலாளரையே அதற்குத் தலைவராக வைத்துவிட்டது. போலீஸ் எந்தத் துறையின் கீழ் இருக்கிறதோ அந்தத் துறையின் செயலாளரிடமே போலீஸைப் பற்றிப் புகார் சொல்லும் ஏற்பாடு எனக்குக் கோபத்தைத் தருகிறது. இத்தனை வருடமாகியும் நாம் யாரும் இதை உரக்கக் கேட்கவில்லை.

ஆகவே, நம்புகிறோமா இல்லையா என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நடந்தது நடந்தபடி எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தவறியது, இரண்டு பவுன், ஆமாம் இவன்தான். உங்களிடம் கேட்ட மூன்றுமே நடக்காத ஒன்றுக்கு உங்கள் வாக்கு. முதலாவதை மறுத்துவிட்டீர்கள். மற்ற இரண்டையும் சேர்த்து ஒரே மனுவாக எழுதுங்கள். பறித்தார்கள், காயம்பட்டது, போனது முப்பது கிராம், முதலில் குறைத்து எழுதச் சொன்னார்கள், காட்டப்பட்டவரை அடையாளம் சொல்ல முடியவில்லை. கமிஷனருக்கு ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப்போடலாம்.

மாமியாரிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று மதுரையில் பாதிப் பெண்கள் பழைய கயிற்றைக் கழற்றிவிட்டுப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். அவரும் எத்தனையோ தடவை மாற்றியிருப்பார். அபசகுனம் என்று யாரும் நினைப்பதில்லை. தாலி உங்கள் கையைவிட்டுப் போகவும் இல்லை, கீழே விழுந்தும் நீங்கள் விடவில்லை. இதைத் தினம் ஒரு தடவை அவர் சொல்லட்டும். கடன் வாங்கிப் புதுச் சங்கிலி செய்ய வேண்டாம், கயிறு போதும்.

பைக் சத்தத்துக்குக் கை கழுத்துக்குப் போவது கொஞ்ச நாளைக்கு இருக்கும். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு இதே மாதிரி நடந்து, ரொம்ப நாள் தனியாக வாசலில் கோலம் போடவே வரமாட்டார், பக்கத்து வீட்டுப் பெண் கூட வந்து நிற்பாள். நீங்களும் யாரையாவது கூட்டிக்கொண்டு அதே பால் பூத்துக்கே போங்கள், வழியை மாற்றாதீர்கள். தூக்கம் இன்னும் சில வாரம் வராவிட்டால் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஸ்டேஷனுக்கு மட்டும் இனி வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். பீஸ் கொடுக்க முடியாதே என்று யோசிக்க வேண்டாம். மாவட்ட கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். நகைக்கடன் சீட்டு, ஆல்பம் படம், கிளினிக் சீட்டு, சி.எஸ்.ஆர். நாலையும் நகலெடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். அந்தப் பையன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்றால், அவனைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தினார்களா என்று அந்த வக்கீலிடமே கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா