சொந்த அலுவலகம் திறக்க விரும்பும் மகளைக் குறித்து ஒரு தாய்க்கு

வணக்கம் அம்மா,

சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட உங்கள் மகள், அரச வேலைக்கு விண்ணப்பிக்காமல் முல்லைத்தீவில் சொந்தமாகத் தொழில் நடத்த விரும்புகிறார் என்றும், அறிமுகமில்லாத பிள்ளையிடம் யார் வழக்குக் கொண்டு வருவார்கள் என்றும் கவலையோடு எழுதியிருந்தீர்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் வருமானம் சீராக இராது. அதை மறைத்து நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. ஆனால் வன்னியில் சட்டத்தரணிக்கு வேலை கிடையாது என்ற எண்ணம் சரியன்று.

இங்குள்ள குடும்பங்கள் பல, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தை நம்பியே குடியிருக்கின்றன. இடப்பெயர்வுகளில் பத்திரத்தைத் தொலைத்தவர்களும், தமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரை நியமிக்காமலே குடும்பத் தலைவர் இறந்துபோனதால் தவிப்பவர்களும் இன்றும் பிரதேச செயலகத்துக்கு அலைகிறார்கள். பின்னுரிமையில் ஆண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்த ஏற்பாடு 2022 இல்தான் திருத்தப்பட்டது. அதைத் தெளிவாக எடுத்துச் சொல்லக்கூடிய ஒரு பெண் சட்டத்தரணி இங்குள்ள பெண்களுக்கு மிகவும் தேவை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மகள் இத்துறையை ஆழமாகக் கற்பாராயின், அவருடைய பெயர் தானாகவே ஊருக்குள் பரவும். நொத்தாரிசு அனுமதியையும் பெற்றுக்கொண்டால் காணி உறுதி எழுதும் வேலையும் சேரும்.

தொடர்புகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம். உயர் நீதிமன்றத்தின் 1988 ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, சட்டத்தரணி ஆள்பிடித்து வழக்குத் தேடக் கூடாது. நீதிமன்ற வாசலில் கட்சிக்காரரை அழைத்து வரும் தரகருக்குப் பணம் கொடுத்துத் தொடங்கும் தொழில், அந்தத் தரகரின் கையிலேயே தங்கிவிடும். தயவுசெய்து அந்த வழியை யார் காட்டினாலும் மறுத்துவிடச் சொல்லுங்கள். மாறாக, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ சிவில் வழக்குகளில் அனுபவமுள்ள ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் சில காலம் கனிஷ்டராக இருப்பது நல்லது. தன்னால் ஏற்க இயலாத வழக்குகளை நம்பிக்கையான இளையவரிடம் சிரேஷ்டர்கள் அனுப்புவது வழக்கம். மாவட்டச் சட்டத்தரணிகள் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்வதும், சட்ட உதவி ஆணைக்குழுவின் நடமாடும் சேவைகளில் பங்கெடுப்பதும், நில அளவையாளர்களோடும் காணிப் பதிவக அலுவலர்களோடும் மரியாதையான பழக்கத்தைப் பேணுவதும் பயன் தரும். சட்டக் கல்லூரித் தோழர்களை மறந்துவிடக் கூடாது. மேன்முறையீடு கொழும்பு புதுக்கடையிலுள்ள நீதிமன்றங்களுக்குப் போகும்போது, அங்கே நம்பிக்கையான ஒருவர் இருப்பது கட்சிக்காரருக்கும் பெரும் உதவி.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தொடக்கத்திலேயே கடன் வாங்கிப் பெரிய அலுவலகம் எடுக்க வேண்டாம். சிரேஷ்டரின் அலுவலகத்திலேயே ஒரு மேசை கிடைத்தால் போதும். அடுத்த ஓராண்டுக்காவது வீட்டுச் செலவுக்கு மகளின் வருமானத்தை எதிர்பாராதிருக்க இயலுமா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். இயலுமானால், எந்தச் சிரேஷ்டரிடம் சேர்வது என்பதை மகளுடன் நேரில் பேசி முடிவு செய்வோம்.