கனடா ரியாலிட்டி ஷோக்களில், பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணப் போட்டியாளர்கள் ஏன் அமைதியாகவே தெரிகிறார்கள்?

திறமைக் குறைவு இல்லை, வேகம்தான் சிக்கல். ஆங்கிலத்தில் ஓடும் ஷோவில், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர் மனசுக்குள் வாக்கியத்தைக் கோர்த்து முடிப்பதற்குள் சண்டை அடுத்த ஆளிடம் போயிருக்கும். தாமதமாக வந்த பதிலடியை எடிட்டர் எதற்கு வைத்திருக்கப் போகிறார்? நகைச்சுவை இன்னும் கஷ்டம். கியூபெக்கில் எல்லோருக்கும் தெரிந்த டிவி முகத்தைக் கிண்டலடித்தால், டொராண்டோக்காரருக்கு அது யாரென்றே தெரியாது.

2020இல், பெண் வேடமிட்டு அசத்தும் டிராக் கலைஞர்களுக்கான போட்டியான 'கனடாஸ் டிராக் ரேஸ்' முதல் சீசனில், கியூபெக்கின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ரீட்டா பாகா இதைக் கெட்டிக்காரத்தனமாகத் தாண்டினார். பிரபலங்களைப் போல நடிக்கும் சுற்றில் அவர் எடுத்தது பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் வேடம். பிரெஞ்சு உச்சரிப்பே அங்கே பலமாகிவிட்டது.

கியூபெக் ரசிகர்கள் ஆங்கில ஷோக்களை நம்பியும் இல்லை. 2003இல் டிவிஏ என்ற பிரெஞ்சு சேனலில் தொடங்கிய 'ஸ்டார் அகாடமி' பாட்டுப் போட்டியை அங்கே ஊரே உட்கார்ந்து பார்த்தது.